ரைமன் மண்டபமும் மேடையேறிய நாட்டார் இசையும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலுள்ள பாலையூற்று, பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர். அவர்தம் திருமண வீடுகளிலே வாசிக்கப்பட்டும் பாடப்பட்டும் ஆடப்பட்டும் வந்த இசைக்குக் கபிரிஞ்ஞா என்று பெயர். வயலினும் மண்டொலினும் றபானும் அதற்குரிய வாத்தியங்கள். பாடலின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கிழக்குக் கரையிற் கோட்டை அமைத்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற அம்மொழி, நூற்றாண்டுக் கணக்கிலே தமிழோடு உறவாடித் தன் வாக்கிய அமைப்பையே தமிழின் போக்கிற்கு மாற்றிக்கொண்டது. இசையின் பெயரோ காப்பிரியர் எனப்பட்ட ஆபிரிக்க வழியினரை நினைவூட்டுவது. ஐரோப்பிய வில்வாத்தியம், ஆபிரிக்கர் நினைவைத் தாங்கிய தாளம், தமிழ்ச் சூழல் என்னும் மூன்றும் கூடிய இவ்விசைக்கெனப் பெயர்பெற்ற மண்டபம் எதுவும் எழுந்ததில்லை. வீட்டு விறாந்தையும் முற்றத்துப் பந்தலுமே அதன் அரங்கு.

இதையொத்த கலப்பினாலே பிறந்த வேறோர் இசை, அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், மண்டபம் ஒன்றைப் பெற்றது. ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து சென்ற ஏழைக் குடியேறிகள் அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைநாட்டுக்கு வயலினைக் கொண்டுசென்றனர். அங்கே அதனைப் பிடில் என்றனர். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆபிரிக்கர், சுரைக்குடுக்கையிலே தோலைப் போர்த்தித் தந்தி கட்டும் தம் நாட்டு வாத்தியத்தின் நினைவிலே பாஞ்சோவை ஆக்கினர். பிடிலும் பாஞ்சோவும் கூடியதிலிருந்து வளர்ந்ததே பிற்காலத்திற் 'கன்றி' இசை எனப் பெயர் பெற்றது. இலங்கையருக்கு இவ்விசை முற்றிலும் அந்நியமானதன்று. ஜிம் ரீவ்ஸின் குரலை வானொலியிற் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இந்நாட்டிலுண்டு. அந்த ஜிம் ரீவ்ஸ் நின்று பாடிய மேடைகளுள் ஒன்றே ரெனெசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள ரைமன் மண்டபம். நாட்டார் இசை மண்டபம் ஏறும்போது அதற்கு என்ன நேர்கின்றது, யார் ஏற்றப்படுகின்றனர், யார் இறக்கப்படுகின்றனர் என்பவற்றை அறிய அம்மண்டபத்தின் வரலாறு பெரிதும் உதவுவது.

வியப்பு யாதெனில், அம்மண்டபம் இசைக்கென்று கட்டப்பட்டதன்று என்பதாகும். தோமஸ் ரைமன் என்பவர் கம்பர்லாந்து ஆற்றிலே நீராவிப் படகுகள் ஓட்டிப் பொருளீட்டிய வணிகர். அப்படகுகளிலே மதுவும் சூதாட்டமும் மலிந்திருந்தன. 1885இல் சாம் ஜோன்ஸ் என்னும் மெதடிஸ்த போதகர் நாஷ்விலிலே கூடாரமடித்துப் பிரசங்கம் செய்தார். போதகரை இடித்துரைத்துக் கலகம் விளைவிக்கச் சென்ற ரைமன் மனம் மாறித் திரும்பினார் என்றும், படகிலிருந்த மதுவையெல்லாம் ஆற்றிலே கொட்டினார் என்றும் கதை வழங்குகின்றது. மது கொட்டிய கதையை அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை. இத்தகைய மனமாற்றக் கதைகளுக்கு மது ஆற்றிலே ஓடாவிட்டாற் சுவையிராது. ஆனால் மனமாற்றத்தின் பயன் கண்கூடு. இனிமேற் சாம் ஜோன்ஸ் கூடாரத்திலே நின்று பேச வேண்டியிராது என்று கருதி, எல்லாக் கிறித்தவச் சபையினரும் கூடத்தக்க பெருங்கூடம் ஒன்றை எழுப்ப ரைமன் முன்னின்றார். ஹியூ தொம்சன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி செங்கற் சுவரும் கூர்வளைவுச் சாளரங்களும் கொண்ட கூடம் 1892இல் நிறைவெய்தியது. ஐக்கிய சுவிசேடக் கூடாரம் என்பது அதன் முதற் பெயர். 1904இல் ரைமன் இறந்தபோது, அவரது இறுதிச் சடங்கிலே உரையாற்றிய சாம் ஜோன்ஸின் விருப்பத்தின்படி அது ரைமன் மண்டபம் ஆயிற்று.

ஒலிபெருக்கி இல்லாத காலத்திலே போதகரின் குரல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும் என்பதே அக்கட்டடத்தின் முதல் தேவை. வளைந்து செல்லும் நீண்ட மர இருக்கைகளும் மரத் தளமும் அதற்கு உதவின. பிரசங்கத்துக்காக அமைந்த இவ்வொலி நயமே பின்னர் இசைக்குப் பயன்பட்டது. பாடகர் தாழ்ந்த குரலிலே பாடினும் மாடத்திலே இருப்பவருக்குக் கேட்கும் என்பர்.

அம்மாடத்தின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே அடிமை முறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் முன்னாட் படைவீரர், 1897இல் நாஷ்விலிலே பெருங்கூட்டமொன்று கூடினர். அதன் பொருட்டே மேன்மாடம் கட்டப்பட்டு, அக்கூட்டமைப்பின் பெயரும் அதற்கு இடப்பட்டது. அதே மண்டபத்திலேதான் பிஸ்க் பல்கலைக்கழகத்து யூபிலிப் பாடகரும் பாடினர். பிஸ்க், விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக 1866இல் நாஷ்விலிலே தொடங்கப்பட்ட கல்லூரி. அதன் வறுமையைப் போக்க 1871இல் மாணவர் குழுவொன்று ஊரூராகச் சென்று அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்களைப் பாடிப் பணம் திரட்டியது. அக்குழுவின் வழிவந்தோரே ரைமனிற் பாடியவர். அடிமை முறைக்காகப் போரிட்டோர் பெயரைத் தாங்கிய மாடத்தின் முன்னே அடிமைகளின் வழித்தோன்றல்கள் நின்று பாடினர் என்பதை எண்ணுமிடத்து, ஒரு மண்டபத்துக்கு ஒரே வரலாறுதான் உண்டு என்று கொள்வது எத்துணை தவறானது என்பது புலனாகும். நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் நடைமுறையிலிருந்த காலம் அது. ஆயினும் அச்சட்டம் கோரியவாறு இருசாராரும் எப்போதும் பிரிந்தே இருந்தனரல்லர் என்பதைப் பழைய புகைப்படங்கள் சில காட்டுகின்றன.

ரைமனும் சாம் ஜோன்ஸும் மறைந்தபின் மண்டபத்தை வாழவைத்தவர் லூலா நாப் என்னும் கைம்பெண். சுருக்கெழுத்தாளராகப் பணிதொடங்கி, 1920இல் முகாமையாளராகி, 1955இல் ஓய்வுபெறும்வரை அதனை நடத்தியவர். பெண் என்றறிந்தால் வணிகர் மதியார் என்பதற்காகத் தன் முதலெழுத்துக்களை மட்டும் இட்டுக் கையொப்பமிட்டார். 1913இல் ஹெலன் கெலரின் சொற்பொழிவுக்கு மண்டபம் நிரம்பியது. 1919இல் இத்தாலியப் பாடகர் கரூசோ பாடினார். நகராட்சித் தணிக்கைக் குழு ஒரு நாடகத்தைத் தடுக்க முயன்றபோது 1939இல் வழக்காடி வென்றவரும் இவரே. பத்தி மண்டபம் அவர் கையிலே பொதுமண்டபமாயிற்று. மண்டபம் கட்டியவரின் பெயர் வாயிலிலே நிலைத்திருக்க, அதனைக் காத்தவரின் பெயரை வெளியூரார் அறியாதிருப்பது எங்கும் காணத்தக்க வழமை போலும்.

இனி நாட்டார் இசை அதனுட் புகுந்தவாற்றை நோக்கலாம். இசைக்கும் மண்டபத்துக்கும் இடையே பாலமாக நின்றது வானொலி. கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பரிலே தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், அவ்வாண்டு ஒக்ரோபரிலே, நாஷ்விலிலே ஒரு காப்புறுதிக் கம்பனி வானொலி நிலையமொன்றை நிறுவியது. இலட்சக்கணக்கானோரைக் காக்கின்றோம் என்னும் கம்பனி முழக்கத்தின் முதலெழுத்துக்களே நிலையத்தின் பெயராயின. நவெம்பர் 28ஆம் நாளிரவு எழுபத்தேழு வயதான ஜிம்மி தொம்சன் என்னும் பிடில்காரர் அங்கே வந்தமர்ந்து வாசித்தார். கேட்போர் கடிதங்களும் தந்திகளும் குவிந்தன. கிராமத்து ஏழைகளுக்குச் சிறுதொகைக் காப்புறுதி விற்ற கம்பனிக்குக் கிராமத்து இசை நல்ல முகவராயிற்று. கலையுள்ளத்தினாலன்றி வணிகக் கணக்கினாலே தோன்றிய நிகழ்ச்சி இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், தம் வீட்டுத் திண்ணை இசை வானொலியிலே ஒலிக்கத்தக்கது என்பதை மலைநாட்டு உழவர் அன்றுதான் அறிந்தனர்.

1927 டிசெம்பர் 10ஆம் நாள், உயர்தர ஒப்பெரா இசை நிகழ்ச்சியொன்றைத் தொடர்ந்து இந்நிகழ்ச்சி ஒலிபரப்பாகியது. அறிவிப்பாளர் ஜோர்ஜ் ஹே, இதுவரை கேட்டது கிராண்ட் ஒப்பெரா, இனிக் கேட்கப்போவது கிராண்ட் ஓல் ஒப்ரி என்று கொச்சையாகக் கேலிசெய்தார். கேலியே பெயராக நிலைத்தது. அந்த இரவிலே முதலாவதாக வாசித்தவர் டிபோர்ட் பெய்லி என்னும் கறுப்பினக் கலைஞர். இளம்பிள்ளைவாதத்தினால் வளர்ச்சி குன்றிய உடல். கையிலே மவுத் ஓர்கன். அதனைக் கொண்டு புகையிரதம் வரும் ஓசையைக் காதிலே காட்டவல்லவர். நிகழ்ச்சிக்குப் பெயர் பிறந்த வேளையிலே முதலில் ஒலித்தது அவரது இசை. அவரை அந்நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவர் எனலாம். ஆயினும், ஏனைய கலைஞரோடு ஊரூராகச் சென்றபோது அவர்கள் தங்கிய விடுதியிலே தங்க முடியவில்லை; அவர்கள் உண்ட மேசையிலே உண்ண முடியவில்லை. 1941இல் அவர் நீக்கப்பட்டார். பாடல் உரிமைக் கட்டணம் தொடர்பாக வானொலி நிலையங்களுக்கிருந்த பிணக்கினால் அவரது பழைய பாடல்களை ஒலிபரப்ப இயலாது போயிற்று என்பது ஒரு காரணம். புதியன கற்க மறுத்தார் என்று நிலையத்தார் கூறினர். வெள்ளைக் கலைஞர் பலர் அப்பிணக்கைக் கடந்து நிலைத்தனர். அவர் சப்பாத்துத் துடைக்கும் கடையொன்றை நடத்திப் பிழைத்தார்.

ஒப்ரி நிகழ்ச்சி இடத்துக்கிடம் அலைந்தது. கலையகம், திரையரங்கு, மரத்தூள் பரப்பிய கூடம், போர் நினைவு மண்டபம் என்று மாறி, எங்கும் சனத்திரள் மிக்கமையாலே, 1943 ஜூன் 5ஆம் நாள் ரைமனை அடைந்தது. 1974 வரை, முப்பதாண்டுகளுக்கு மேலாக, சனிக்கிழமை இரவுதோறும் அங்கிருந்தே ஒலிபரப்பாகியது. கன்றி இசை வரலாற்றிலே குறிக்கத்தக்க பல அங்கேதான் நிகழ்ந்தன. 1945 டிசெம்பரிலே பில் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்னும் இளைஞர் சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவை மீட்டியபோது புளூகிராஸ் என்னும் தனிப்பாணி உருப்பெற்றது. 1949 ஜூன் 11ஆம் நாள் ஹங்க் வில்லியம்ஸ் முதன்முறையாகப் பாடியபோது கூட்டம் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தது. குடிப்பழக்கத்தினாலும் நிகழ்ச்சிக்கு வாராமையாலும் 1952இல் அவர் நீக்கப்பட்டார். 1953 புத்தாண்டு நாளில், இருபத்தொன்பது வயதிலே இறந்தார். இளம் எல்விஸ் பிரெஸ்லி 1954இல் ஒருமுறை பாடினார்; பெருவரவேற்புக் கிடைக்கவில்லை.

வசதியைப் பொறுத்தவரை மண்டபம் மிக வறிது. குளிரூட்டும் சாதனம் இல்லை. கோடையிலே இருக்கைகளில் இருந்தோர் அட்டை விசிறிகளால் வீசிக்கொண்டனர். கலைஞருக்கு ஒழுங்கான ஒப்பனையறை இல்லை. முறை வரும்வரை அவர்கள் பின்புற ஒழுங்கையிலே நின்றனர், அல்லது ஒழுங்கைக்கு அப்பாலிருந்த மதுச்சாலையிலே காத்திருந்தனர். மதுவிலக்குப் போதகருக்காகக் கட்டிய மண்டபத்துக்கு மதுச்சாலை ஒப்பனையறையானதை ரைமன் கண்டிருந்தால் என் சொல்லியிருப்பாரோ! மேடையிலோ, பாடுபவரைச் சூழ உறவினரும் ஏனைய கலைஞரும் சாதாரணமாக அமர்ந்திருந்தனர். சனங்கள் மேடையருகே வந்து புகைப்படமெடுத்தனர். திண்ணையின் இயல்பு மேடையிலும் முற்றாக அகலவில்லை.

இங்கே ஈழத்துக் கூத்து மரபை நினைவுகூர்தல் பொருந்தும். நாற்புறமும் மக்கள் சூழ வட்டக்களரியிலே விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், இராவணேசன் முதலியன அவ்வாறு உருவானவை. இரவு முழுதும் நீண்டது சில மணித்தியாலமாகச் சுருங்கியது. களரியைச் சுற்றியாடிய ஆட்டம் முன்னிருப்போரை நோக்கித் திரும்பியது. இழப்பு உண்டு, ஆனால் கற்றோர் புறக்கணித்த கலைக்கு மதிப்பும் ஆயுளும் அதனாலேயே கிட்டின. ஒப்ரியிலும் வானொலிக் கடிகாரம் பாட்டின் நீளத்தை வெட்டியது. மாவும் புகையிலையும் விற்ற கம்பனிகள் நேரத்தைத் துண்டு துண்டாக வாங்கின. பேராதனை முயற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அங்கே கடிகாரத்தைப் பிடித்திருந்தது வணிகர் கை என்பதே.

மண்டபத்துக்கு வெளியே இருந்த வீதியையும் நோக்குதல் வேண்டும். ரைமன் அமைந்த ஐந்தாம் வீதியிலுள்ள கடைகளின் உணவு மேசைகளிலே கறுப்பினத்தவர் அமரக்கூடாது என்னும் வழக்கத்தை எதிர்த்து, 1960 பெப்ரவரி 13ஆம் நாள் நாஷ்வில் மாணவர் அம்மேசைகளிலே அமைதியாகச் சென்றமர்ந்தனர். பிஸ்க் மாணவரும் அவருட் பலர். இரு வாரங்களின் பின் அவர்கள் தாக்கப்பட்டனர். எண்பதுக்கு மேற்பட்டோர் கைதாயினர். இரு நாள்களும் சனிக்கிழமைகள். அவ்விரவுகளிலும் அதே வீதியிலிருந்து ஒப்ரி வழமைபோல் ஒலிபரப்பாகியது. அம்மாணவருள் ஒருவரான ஜோன் லூவிஸ் பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகி 2020இல் மறைந்தார். நாஷ்விலின் ஐந்தாம் வீதியின் ஒரு பகுதி இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. ரைமன் மண்டபத்தின் முகவரியிலும் அப்பெயரே உள்ளது. 1967இல் சார்லி பிரைட் என்னும் கறுப்பினப் பாடகர் ஒப்ரி மேடையேறினார். 1941இற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1970களின் தொடக்கத்திலே காப்புறுதிக் கம்பனி நகருக்கு வெளியே புதிய ஒப்ரி மாளிகையைக் கட்டியது. பழைய மண்டபத்தை இடித்து, அதன் செங்கற்களால் தன் கேளிக்கைப் பூங்காவிலே சிறு தேவாலயம் ஒன்று எழுப்பவும் எண்ணியது. கருத்துரைக்க அழைக்கப்பட்ட நாடக மேடை வல்லுநர் ஜோ மில்சினர், கட்டடம் காக்கத் தக்கதன்று என்றார். ஒப்ரியின் மூத்த பாடகர் ரோய் அக்கப்பும் இடிப்பதையே ஆதரித்தார். வெளியார் இதனைக் கேட்டுத் திகைத்தல் கூடும். ஆனால் வேனிற் புழுக்கத்திலே ஒப்பனையறையின்றி ஆண்டுக்கணக்கில் அங்கே பாடியவர் அவர். மண்டபத்தைத் தொலைவிலிருந்து போற்றுவோருக்கு அப்புழுக்கம் தெரியாது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் கட்டடக்கலை விமரிசகர் ஏடா ஹக்ஸ்ரபிள் உள்ளிட்டோர் கண்டித்தெழுதினர். 1971இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டிலும் மண்டபம் சேர்க்கப்பட்டிருந்தது. இடிப்பு நின்றது.

இடமாற்றத்துக்குச் சற்று முன்னர், 1974இல், பழைய கலைஞருக்கான ஒப்ரி நிகழ்ச்சியிலே டிபோர்ட் பெய்லி ரைமன் மேடையில் நின்று வாசித்தார். ஒப்ரி ரைமனுக்கு வருவதற்கு ஈராண்டுகள் முன்னரே நீக்கப்பட்டவராதலால், அந்நிகழ்ச்சியின் பொற்காலம் எனப்படும் ரைமன் காலம் முழுவதிலும் அவர் வெளியிலேயே இருந்தார். அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாளோடு ரைமன் காலம் முடிந்தது. மறுநாள் புதிய மாளிகைத் திறப்பு விழாவிலே அமெரிக்கச் சனாதிபதி நிக்சன் பியானோ வாசித்தார். பெய்லி 1982இல் இறந்தார். கன்றி இசைப் புகழ்க்கூடத்திலே அவர் பெயர் 2005இலேயே சேர்க்கப்பட்டது.

புதிய மாளிகைக்குச் செல்கையில், ரைமன் மேடைப் பலகையிலிருந்து ஏறத்தாழ 6 அடி விட்டமுள்ள வட்டமொன்றை வெட்டியெடுத்துப் புதிய மேடையின் நடுவே பதித்தனர். முன்னோர் நின்ற மரத்திலே இன்றைய பாடகரும் நின்று பாடுகின்றனர். களரியின் வட்டத்தை அறிந்தோருக்கு இதன் உட்பொருளை விரித்துக் கூற வேண்டியதில்லை. 2010 மே மாத வெள்ளத்திலே புதிய மாளிகை மூழ்கி, அவ்வட்டமும் நீருள் அமிழ்ந்தது. திருத்தம் முடியும்வரை ஒப்ரி வேறு அரங்குகளை நாடிற்று. இடிக்கப்படவிருந்த ரைமனும் அவற்றுள் ஒன்று.

ஆனால் அதற்கு முன் இருபதாண்டுகள் ரைமன் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. கண்ணாடி உடைந்தது, புறாக்கள் குடிபுகுந்தன. 1991இல் எமிலூ ஹரிஸ் என்னும் பாடகி தன் குழுவினருடன் அங்கே பாடி ஒலிப்பதிவு செய்தார். மாடம் தாங்காது என்ற அச்சத்தினால், அதன் மேலும் கீழும் எவரையும் இருத்தாது, ஏறத்தாழ 200 பேரை மட்டுமே அனுமதித்தனர். அவ்விசைத்தட்டைக் கேட்டோர் மண்டபத்தின் ஒலியை மீண்டும் அறிந்தனர். 1994 ஜூனிலே, 85 இலட்சம் டொலர் செலவிலே புதுக்கப்பட்டு, முதன்முறையாகக் குளிரூட்டும் சாதனமும் பெற்று, அது மீளத் திறக்கப்பட்டது. 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

இன்று அதனைக் காணச் செல்வோர் பகலிற் கட்டணம் செலுத்தி உட்புகலாம். ஏறத்தாழ 2,360 பேர் இருக்கத்தக்க கூடம். சாளரக் கண்ணாடியின் வண்ணம் தரையிலே விழும். நெருக்கமான மர இருக்கைகள் தேவாலயத்தை நினைவூட்டும். ஹங்க் வில்லியம்ஸ் முதலியோரின் நினைவுப் பொருள்கள் காட்சிக்குள்ளன. வருவோர் மேடையிலேறி ஒலிவாங்கியின் முன் நின்று புகைப்படமும் எடுத்துக்கொள்கின்றனர். மாடத்தை நிமிர்ந்து பார்ப்போர், அது எவருக்காகக் கட்டப்பட்டது என்பதை அறிந்து பார்த்தல் நன்று.

பாலையூற்றின் இசைக்கு இத்தகைய மண்டபமும் இல்லை, வெட்டியெடுக்க மேடைப் பலகையும் இல்லை. கிழக்கிலங்கைக் கிரியோல் பாடல்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஹியூ நெவில் என்னும் ஆங்கில அரச அலுவலர் மட்டக்களப்பிற் சேகரித்தார். அக்கையெழுத்துப் படி இலண்டனில் உள்ளது. இந்நூற்றாண்டிலே லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோ முதலிய ஆய்வாளர் மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்துள்ளனர். தமிழ்நூல்களிலே இவ்விசை பற்றிய குறிப்பு மிக அரிது. அம்மொழியைப் பேசுவோர் தொகை தலைமுறைதோறும் குறைந்து வருகின்றது. மொழி நழுவியபின்னும் பாட்டின் அடிகள் இளையோர் வாயில் வழங்குகின்றன.